கட்டத்திலிருந்து அங்குலத்துக்கு

கிராஸ் ஸ்டிச் என்று வீடுதோறும் வழங்கும் குறுக்குத் தையலில் ஒரு படத்தைத் தைத்து முடித்தால், அது துணியில் எத்தனை அங்குலம் பிடிக்கும்? இதுவே இன்றைய பொருள். கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் இதைக் கேட்காமல் துணியை வெட்டியவர்கள், மாதக்கணக்கில் தைத்த படத்தின் கடைசி வரிசைக்குத் துணி போதாமல் நின்றிருக்கிறார்கள். இரண்டு வகுத்தல் கணக்குகள் அந்த உழைப்பைக் காப்பாற்றியிருக்கும்.

ஒரு கட்டப்படத்தை எடுத்துக்கொள்ளலாம். அகலம் 140 கட்டம், உயரம் 98 கட்டம். பூச்சாடி ஒன்று, சுற்றிலும் கொடிக்கரை. இதைத் தைத்தால் எவ்வளவு பெரிதாக வரும்? அந்தக் கட்டப்படத்தை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் விடை கிடைக்காது. படம் கட்டங்களின் எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது. ஒரு கட்டம் எவ்வளவு பெரிது என்பதைத் துணிதான் சொல்ல வேண்டும். கண் மங்கியவர்கள் வசதிக்காகக் கட்டப்படத்தை ஜெராக்ஸ் கடையில் இரண்டு மடங்கு பெரிதாக்கிக்கொள்வார்கள். அதனால் தையல் பெரிதாகுமா? ஒரு நூலளவும் ஆகாது. தாளில் கட்டம் பெரிதாகும். கட்டங்களின் எண்ணிக்கை 140, 98 என்றே இருக்கும்.

ஆகவே முதல் வேலை, அந்த எண்ணிக்கையைச் சரியாகப் பெறுவது. பெரும்பாலான கட்டப்படங்களில் அது அச்சிட்டே இருக்கும். அகலம் முதலில், உயரம் பிறகு என்பது வழக்கம். அச்சிடாதபோது எண்ண வேண்டும். பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு போட்டிருப்பது இதற்காகத்தான். மிக இடப்பக்கத்தில் இருக்கும் தையலிலிருந்து மிக வலப்பக்கத்தில் இருக்கும் தையல்வரை, இடையே வெறுமையாக விடப்பட்ட கட்டங்களையும் சேர்த்து எண்ண வேண்டும். பூவுக்கும் கரைக்கும் நடுவில் தைக்காமல் விடும் இடமும் துணியில் இடம்தானே! பெரிய படங்கள் நான்கைந்து பக்கங்களில் பிரிந்து வரும்போது இன்னொரு கவனமும் தேவை. ஒரு பக்கத்தின் கடைசிச் சில வரிசைகள், தொடர்ச்சி தெரிவதற்காக, அடுத்த பக்கத்தின் தொடக்கத்தில் நிழலிட்டு மறுபடி அச்சாகியிருக்கும். அவற்றை இரண்டு முறை எண்ணினால் படம் இல்லாத அகலத்தைப் பெற்றுவிடும்.

கட்டம் எண்ணியாயிற்று. இனி துணி.

குறுக்குத் தையலுக்கென்றே நெய்யப்படும் துணி ஐடா. பாவு இழைகளும் ஊடை இழைகளும் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து சின்னஞ்சிறு சதுரங்களாக நிற்கும். சதுரத்தின் நான்கு மூலைகளிலும் ஊசி நுழையக் கண்ணுக்குத் தெரியும் துளைகள். ஒரு சதுரத்துக்கு ஒரு பெருக்கல்குறி. ஜெர்மனியின் சிண்டல்ஃபிங்கன் நகரில் 1877இல் தோன்றிய ஸ்வைகார்ட் நிறுவனத்தின் ஐடா உலகெங்கும் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளித் தையல் வகுப்புக்குக் கடைக்காரர் எடுத்துத் தரும் மேட்டித் துணியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இந்தத் துணிகளை இனம் பிரிக்கும் சொல் கவுண்ட். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை சதுரம் என்பதே கவுண்ட். 14 கவுண்ட் என்றால் அங்குலத்துக்கு 14 சதுரம், 14 தையல். கோவையிலும் திருப்பூரிலும் இதே சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. அங்கே 40 கவுண்ட், 60 கவுண்ட் என்பது நூலின் நைசைக் குறிக்கும். ஒரு பவுண்டு பஞ்சு நூலில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை தேறும் என்பது அந்தக் கணக்கு. மில்லில் பழகிய காதுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கும். குறுக்குத் தையலின் கவுண்ட் நூலின் பருமனைப் பற்றியதல்ல, துணியின் கட்டத்தைப் பற்றியது. கடையில் கேட்கும்போது ‘அங்குலத்துக்கு எத்தனை கட்டம்’ என்று கேட்டுவிட்டால் குழப்பமே இல்லை.

இப்போது விதியைச் சொல்லிவிடலாம். கட்டங்களைக் கவுண்டால் வகுக்க வேண்டும், வருவது அங்குலம். அகலத்துக்கு ஒருமுறை, உயரத்துக்கு ஒருமுறை. இவ்வளவுதான் விதி.

அந்தப் பூச்சாடியை 14 கவுண்ட் ஐடாவில் வைத்துப் பார்க்கலாம். 140ஐ 14ஆல் வகுத்தால் 10 அங்குலம். 98ஐ 14ஆல் வகுத்தால் 7 அங்குலம். அதே பூச்சாடி 11 கவுண்டில்? ஏறத்தாழ 12.7 அங்குல அகலம், 8.9 அங்குல உயரம். 8 கவுண்ட் துணியில்? பதினேழரை அங்குலம், பன்னிரண்டேகால் அங்குலம். திரும்பி மறுபக்கம் போனால், 16 கவுண்டில் எட்டே முக்கால் அங்குலமும் ஆறு அங்குலத்துக்குச் சற்று மேலும். 18 கவுண்டில் ஏறத்தாழ 7.8 அங்குலமும் 5.4 அங்குலமும். படம் ஒன்று, கட்டம் ஒன்று, நிறங்கள் ஒன்று. துணி மட்டும் ஐந்து. ஒரு துணியில் அது திண்டு உறையை நிரப்பும், இன்னொன்றில் மேசைமேல் வைக்கும் சிறு சட்டத்துக்குள் அடங்கும்.

கவுண்ட் எண் ஏற ஏறப் படம் சுருங்கும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். 18 என்பது 14ஐவிடப் பெரிய எண், ஆகவே பெரிய படம் என்று மனம் தானாக எண்ணிக்கொள்கிறது. சுருக்கமும் கண் எதிர்பார்ப்பதைவிட அதிகம். 14 கவுண்டில் பூச்சாடி பிடிக்கும் பரப்பு 70 சதுர அங்குலம். 18 கவுண்டில் அது 42 சதுர அங்குலம்தான். அகலமும் சுருங்குகிறது, உயரமும் சுருங்குகிறது, இரண்டும் சேர்ந்து பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு மறைந்துவிடுகிறது. ஆனால் உழைப்பு? அதில் ஒரு தையலும் குறையாது. இடைவெளியின்றி நிரப்பினால் 13,720 தையல். பெரிய துணியிலும் அவ்வளவு, சிறிய துணியிலும் அவ்வளவு. மணிக்கு 100 தையல் என்று வைத்துக்கொண்டாலும் 137 மணி நேரம். அத்தனை மணி நேரத்தைப் பெறப்போகும் துணியை, ஐந்து நிமிடக் கணக்கில்லாமல் எப்படி வெட்டுவது?

அடுத்து லினன். ஐடாவில் சதுரம் தானே அமைந்திருக்கிறது. லினனிலும், பாவும் ஊடையும் சம எண்ணிக்கையில் நெய்த மற்றத் துணிகளிலும் அப்படிச் சதுரம் இல்லை. தனித்தனி இழைகளே உண்டு. அங்கே கவுண்ட் என்பது அங்குலத்துக்கு எத்தனை இழை என்பது. ஒவ்வொரு தையலும் வழக்கமாக இரண்டு இழைகளைத் தாண்டிப் போடப்படும். எனவே முதலில் கவுண்டைப் பாதியாக்கி, பிறகு வகுக்க வேண்டும். 28 கவுண்ட் லினன் 14 கவுண்ட் ஐடாவுக்குச் சமம். 32 கவுண்ட், 16க்குச் சமம். 25 கவுண்ட் துணி பன்னிரண்டரைக்குச் சமம். அதில் பூச்சாடி 11.2 அங்குல அகலமும் 7.84 அங்குல உயரமும் வரும்.

பாதியாக்க மறந்தால் என்ன நேரும்? 140ஐ 28ஆல் நேரே வகுத்தால் 5 அங்குலம் என்று விடை வரும். உயரம் மூன்றரை. அதை நம்பி வெட்டிய துணி, தேவையான பரப்பில் கால் பங்குக்குத்தான் கணக்குப் பார்த்தது. நடுவிலிருந்து தைக்கத் தொடங்குபவருக்கு இந்தப் பிழை முதல் நாளில் தெரியாது, முதல் வாரத்திலும் தெரியாது. கரையை நெருங்கும்போதுதான் தெரியும். குறுக்குத் தையலில் அளவுப் பிழைகள் பலவற்றுக்கும் இதே குணம்: தொடக்கத்தில் ஒளிந்திருந்து, உழைப்பெல்லாம் ஊற்றிய பின் வெளியே வரும். ஒற்றை இழையின் மேலேயே தைக்கும் நுண்ணிய வேலைகளும் உண்டு. அவற்றுக்கு மட்டும் பாதியாக்க வேண்டியதில்லை. கட்டப்படத்தின் குறிப்பில் இது எழுதியிருக்கும், தேடிப் படிக்க வேண்டும்.

இழையை எண்ணித் தைப்பது வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கமா? இல்லை. நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பின்னும் பூவேலையில் வரைந்த கோடும் கிடையாது, அச்சடித்த படமும் கிடையாது. இழை எண்ணியே கோலம் பிறக்கிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது அந்தக் கலை. வடகர்நாடகத்தின் கசூத்தியும் எண்ணித் தைப்பதுதான். அதில் ஒரு தையலின் பெயர் மெந்தி, அதாவது வெந்தயம். அது குறுக்குத் தையலேதான். எண்ணும் கை நம் பக்கத்தில் பழைய கை. அங்குலமாக மாற்றும் கணக்கு மட்டுமே அச்சுக் கட்டப்படத்தோடு சேர்ந்து வந்தது.

அங்குலம் சிலருக்குப் பழகியது, சென்டிமீட்டர் சிலருக்குப் பழகியது. மாற்றுவது எளிது: ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். பத்து அங்குலம் 25.4, ஏழு அங்குலம் 17.8 சென்டிமீட்டர். ஐரோப்பியத் துணிகளில் சில, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கட்டம் என்று குறித்து வரும். அப்போது அந்த எண்ணைப் பத்தால் வகுத்துச் சென்டிமீட்டருக்கு எத்தனை என்று கண்டு, அதனால் கட்டங்களை வகுத்தால் போதும். ஒன்றில் மட்டும் உறுதி வேண்டும். கணக்கைத் தொடங்கிய அலகிலேயே முடிக்க வேண்டும். இஞ்சி டேப்பின் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். புரண்டு கிடக்கும் டேப்பில் பக்கம் மாறிப் படிப்பது எளிதாக நடக்கும் பிழை.

இதுவரை சொன்னதெல்லாம் துணியின் சீட்டை நம்பிய கணக்கு. சீட்டில் இருப்பதுதான் துணியிலும் இருக்கிறதா? கணக்கின் உயிரே இந்தக் கேள்வியில் இருக்கிறது.

சீட்டே இல்லாமல் மீட்டர் கணக்கில் வாங்கிய மேட்டித் துணி, யாரோ கொடுத்த பழைய துண்டு, ஒரே பீரோவில் கலந்து கிடக்கும் மிச்சங்கள் என்று துணி பல வழியில் கைக்கு வருகிறது. கவுண்ட் தெரியவில்லையென்றால் அளந்துவிட வேண்டியதுதான். துணியை இழுக்காமல் மேசைமேல் பரப்பி, தட்டையான அளவுகோலை வைத்து, பத்து சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டங்களை ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண வேண்டும். ஓர் அங்குலத்தில் மட்டும் எண்ணினால் அரைக் கட்டப் பிழை கண்ணுக்குத் தப்பிவிடும். நீளம் கூடக் கூடப் பிழை தேயும். எண்ணி முடித்ததும் துணியைத் திருப்பி, மறு திசையிலும் எண்ண வேண்டும். பாவின் வழியே ஒருமுறை, ஊடையின் வழியே ஒருமுறை.

ஏன் இரண்டு முறை? தறியில் பாவு இழுவிசையோடு நிற்கிறது. ஊடை அடித்து நெருக்கப்படுகிறது. நெருக்கம் கொஞ்சம் தளர்ந்தாலும் சதுரம் சதுரமாக இராது. ஒரு துணியில் பாவின் இழைகளை எண்ணிக்கொண்டு குறுக்கே போனால் பத்து சென்டிமீட்டருக்கு 54 கட்டம், நீளவாக்கில் எண்ணினால் 52 கட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். 98 கட்ட அகலமும் 98 கட்ட உயரமும் கொண்ட வட்டமான தாமரை ஒன்றை அதில் தைத்தால், அகலம் 18.1 சென்டிமீட்டர், உயரம் 18.8 சென்டிமீட்டர். ஏழு மில்லிமீட்டர் வேறுபாடு. வட்டம் முட்டை வடிவம் கொள்ளும். தைத்தவரின் கையில் குற்றமில்லை, கட்டப்படத்திலும் குற்றமில்லை. பூச்சாடி, மலை, வீடு போன்றவற்றில் இந்த நீட்சி தெரியாமல் போகும். வட்டம், முகம், நான்கு பக்கமும் ஒத்திருக்க வேண்டிய கோலம் ஆகியவற்றில் தெரியும். அத்தகைய படங்களுக்கு இரு திசையிலும் எண்ணிக்கை ஒத்துவரும் துணியையே தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் வேறு துணி இல்லையென்றால், அகலத்துக்கு அகலத்தின் எண்ணையும் உயரத்துக்கு உயரத்தின் எண்ணையும் போட்டுக் கணக்கிட்டாவது அளவை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம்.

பருத்தி தண்ணீர் கண்டால் சுருங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. தலையணை உறை, குழந்தையின் சட்டை, கைத்துண்டு என்று துவைக்கப்போகும் பொருளானால், துணியை முதலில் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, அதன்பிறகே எண்ண வேண்டும்.

இனிக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பலாம். பல வீடுகளில் சட்டம் முதலில் இருக்கிறது, படம் பிறகு வருகிறது. பத்துக்கு எட்டு அங்குலப் புகைப்படச் சட்டம் ஒன்று கையில் இருக்கிறது. பூச்சாடி அதில் அடங்குமா? 14 கவுண்டில் பத்துக்கு ஏழு. அடங்கும் என்றுதான் கணக்கு சொல்கிறது. ஆனால் சட்டத்தின் உள்விளிம்பு கண்ணாடியின் ஓரத்தை எல்லாப் பக்கமும் கொஞ்சம் மூடிப் பிடிக்கும். கொடிக்கரையின் இடக்கோடியும் வலக்கோடியும் அந்த மரத்துக்கடியில் போய்விடும். வகுத்தல் சரி, அளந்த இடம் தவறு. அதே படத்தை 16 கவுண்டில் தைத்தால் எட்டே முக்கால் அங்குல அகலம். இருபுறமும் அரை அங்குலத்துக்கு மேல் வெண்மை மிஞ்சும், மேலும் கீழும் ஏறத்தாழ ஓர் அங்குலம். படம் மூச்சுவிடும்.

சட்டத்துக்கேற்ற துணியைத் தேட ஒரு நேர்வழி உண்டு. கட்டங்களை, வேண்டிய அங்குலத்தால் வகுக்க வேண்டும், வருவது கவுண்ட். ஒன்பது அங்குலத்துக்குள் 140 கட்டம் வர வேண்டுமென்றால், 140ஐ 9ஆல் வகுக்க 15.6. அப்படி ஒரு துணி கடையில் இல்லை, 16 இருக்கிறது. எப்போதும் மேலே உள்ள கவுண்டுக்கே போக வேண்டும். கீழே 14க்கு இறங்கினால் சட்டத்தை மீறிவிடும்.

வட்ட வளையத்துக்குள்ளேயே வைத்துச் சுவரில் மாட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. அகலத்தை மட்டும் பார்த்து வளையம் வாங்கினால் நாற்கரப் படத்தின் நான்கு மூலைகளும் வெளியே நிற்கும். வளையத்துக்கு வேண்டியது மூலைவிட்டம். 60 கட்ட அகலமும் 45 கட்ட உயரமும் கொண்ட படத்தின் மூலைவிட்டம், பள்ளியில் படித்த பிதாகரஸ் விதிப்படி, 75 கட்டம். 14 கவுண்டில் அது 5.4 அங்குலம். அகலம் நான்கேகால் அங்குலம்தானே என்று ஐந்தங்குல வளையம் வாங்கியிருந்தால் மூலைகள் போயிருக்கும். ஆறு அங்குலம் வேண்டும். வர்க்கமூலம் காணச் சிரமப்படுபவர்கள் கட்டப்படத்தின் எதிரெதிர் மூலைகளுக்கிடையே ஒரு நூலைப் பிடித்து, அதே நூலைப் படத்தின் கட்ட வரிசைமேல் வைத்து எண்ணிக்கொள்ளலாம். விடை அதேதான்.

தையலின் அளவு தெரிந்தாயிற்று. வெட்டலாமா? இன்னும் ஒரு கூட்டல் இருக்கிறது. படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் மூன்று அங்குலம் விடுவது நல்ல வழக்கம். அட்டைமேல் போர்த்திப் பின்னால் இழுத்துக் கட்டவும், தைக்கும்போது வளையம் பிடிக்கவும், ஓரம் பிரிந்து போவதற்கும் அந்த இடம் வேண்டும். பக்கத்துக்கு மூன்று என்றால் அகலத்தில் ஆறு, உயரத்திலும் ஆறு. பத்துக்கு ஏழு என்ற பூச்சாடிக்குப் பதினாறுக்குப் பதின்மூன்று அங்குலத் துணி. மூன்றை ஒருமுறை மட்டும் கூட்டிப் பதின்மூன்றுக்குப் பத்து என்று வெட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. புத்தக அடையாளம் போன்ற சிறு வேலைக்கு இரண்டு அங்குலம் போதும். திண்டு உறைக்குத் தையல் மடிப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எழுத்துகளைத் தைக்கும்போது இந்தக் கணக்கு இன்னும் சுவையாகிறது. தமிழ் எழுத்துகளுக்கு ஆயத்தக் கட்டப்படம் கிடைப்பது அரிது. கிராஃப் தாளில் தாமே வரைந்துகொள்பவர்களே அதிகம். வாசலில் மாட்ட ‘நல்வரவு’ என்று தைக்க வேண்டும். எழுத்தின் உடல் உயரம் 11 கட்டம் என்று வைத்து வரைந்தால், ந 9 கட்டம், ல் 10, வ 10, ர 6, வு 12 என்று அகலம் அமைந்ததாகக் கொள்ளலாம். கூட்டினால் 47. எழுத்துக்கு எழுத்து இரண்டு கட்ட இடைவெளி. ஐந்து எழுத்துக்கு எத்தனை இடைவெளி? நான்கு. ஆக எட்டு கட்டம், மொத்தம் 55. இது 11 கவுண்டில் சரியாக ஐந்து அங்குலம். 14 கவுண்டில் நான்கு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது போதாது. 8 கவுண்டில் ஏழு அங்குலத்தை நெருங்கும்.

உயரம்? 11 கட்டம்தான் என்று நிறுத்தினால் தமிழ் எழுத்து மன்னிக்காது. ல் தலைக்கு மேல் புள்ளி கேட்கும். ந, ர, வு மூன்றும் அடிக்குக் கீழே கால் நீட்டும். மேலே மூன்று, கீழே மூன்று என்று விட்டால் 17 கட்டம். 11 கவுண்டில் ஓர் அங்குலம் என்று நினைத்தது உண்மையில் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டும். சீரான உயரத்தில் நிற்கும் ரோமன் பெரிய எழுத்துகளுக்கு எழுதிய கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்தாள முடியாது. புள்ளிக்கும் காலுக்கும் கொம்புக்கும் விசிறிக்கும் இடம் ஒதுக்கிய பிறகே வகுக்க வேண்டும்.

கவுண்ட் மாறினால் இழையும் மாறும். கடையில் வாங்கும் ஆங்கர் நூல் கண்டு 8 மீட்டர். ஆறு இழை சேர்ந்தது. 11 கவுண்டுக்கு அதிலிருந்து மூன்று இழை, 14க்கு இரண்டு, 18க்கு ஒன்று அல்லது இரண்டு என்று பிரித்துக் கோப்பது வழக்கம். பெரிய கட்டத்தில் இழையும் கூடும், ஒவ்வொரு தையலின் நீளமும் கூடும். ஆகவே படத்தை 14இலிருந்து 11க்கு மாற்றுபவர் துணியோடு நூலையும் கூட்டி வாங்க வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கும் கண்டு, எண் ஒன்றாயிருந்தும் நிறத்தில் இம்மி மாறி வரக்கூடும்.

எல்லாம் ஆனபின், வெட்டிய துணியை நான்காக மடித்து நகத்தால் அழுத்தினால் நடுப்புள்ளி தெரியும். கட்டப்படத்தில் அம்புக்குறிகள் சந்திக்கும் இடம் அது. பூச்சாடியின் நடுக்கோடு 70ஆம் கட்டத்துக்கும் 71ஆம் கட்டத்துக்கும் இடையே விழும். முதல் தையலுக்கு முன் அந்த மடிப்பிலிருந்து வலப்புறம் 70 சதுரம் எண்ணி ஒரு குண்டூசி, இடப்புறம் 70 எண்ணி ஒரு குண்டூசி. மேலே 49, கீழே 49. குண்டூசியிலிருந்து துணியின் ஓரம்வரை டேப்பை வைத்தால், நான்கு பக்கமும் மூன்று அங்குலம் காட்ட வேண்டும். காட்டினால் ஊசியில் நூலைக் கோக்கலாம்.